படம் எப்படி?



"படம் எப்படி?" என்னும் இரண்டு சொற்களைக் கேட்டறியாதவர் தமிழ்நாட்டில் ஒருவரும் இரார். வேறு எந்தக் கலையைப் பற்றியும் நாம் இவ்வளவு தாராளமாக ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. ஒரு நூலைப் படித்து முடித்தவனை நிறுத்தி, "நூல் எப்படி?" என்று கேட்பவர் அரியர். கோயிற் சிற்பத்தைக் கண்டு திரும்பியவனை, "சிற்பம் எப்படி?" என்று கேட்பவர் அதனினும் அரியர். திரைப்படம் பார்த்து வந்தவனை மட்டும் வாயிற்படியிலேயே மறித்துக் கேட்டுவிடுகிறோம். அவனும் தயங்காமல் விடை தருகிறான். "சூப்பர்" என்கிறான், இல்லையேல் "மொக்கை" என்கிறான். கேட்டவன் மனமும் அவ்வளவில் நிறைந்துவிடுகிறது.

இக்கேள்வியையும் அதற்கு நாம் சொல்லும் விடையையும் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இது விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவன் தான் கண்டதைத் தானே எண்ணிப் பார்த்து, காரணம் காட்டி, பிறர் மனம் புண்படாமல் எடுத்துரைக்கும் ஆற்றல் எளிதில் கைவருவதன்று. அதனைப் பழகிக்கொள்வதற்கு நம் எல்லோர்க்கும் வாய்த்திருக்கும் பயிற்சிக்களம் திரைப்படமே என்பது என் கருத்து.

நான் வாழும் திருப்பூர்ப் பகுதியை எண்ணிப் பாருங்கள். இங்கே பல பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். ஆறு நாள் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த முதுகு அன்றுதான் நிமிர்கிறது. சந்தைக்குப் போதல், துணி துவைத்தல், ஊருக்குப் பணம் அனுப்புதல் ஆகிய கடமைகளெல்லாம் முடிந்தபின், எஞ்சிய பொழுதில் ஒரு படம். மறுநாள் காலையில் கட்டிங் மேசையருகிலும் தையல் வரிசையிலும் கைமடிக்கும் பெண்களிடையிலும் அப்படத்தைப் பற்றிய பேச்சு எழுகிறது. இயந்திர ஓசைக்கு மேலே குரலை உயர்த்திப் பேசிக்கொள்கிறார்கள். தேநீர் இடைவேளையில் அப்பேச்சு தொடர்கிறது. அடுத்த ஞாயிறு எந்தப் படத்துக்குப் போவது என்பது அங்கேதான் முடிவாகிறது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தொழிலாளிக்கு ஒரு படம் என்பது வாரக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் காசு. கிடைத்த ஒரே ஓய்வு நாளிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மூன்று மணி நேரம். மனைவி மக்களையும் உடன் அழைத்துச் செல்வானானால் செலவு பன்மடங்காகும். தோழன் சொன்ன ஒரு சொல்லை நம்பியே அவன் அதனைச் செலவிடுகிறான். ஆகையால், "படம் எப்படி?" என்பதற்கு விடை சொல்பவனுக்குப் பொறுப்பு உண்டு. அவன் பிறருடைய ஞாயிற்றுக்கிழமையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறான்.

கொங்கு நாட்டுக்குத் திரைப்படம் நேற்று வந்த விருந்தாளி அன்று. கோயம்புத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் திருச்சிராப்பள்ளியில் இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றி வந்தார். 1905ஆம் ஆண்டில், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். 1914ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் 'வெரைட்டி ஹால்' என்னும் நிலையான திரையரங்கை எழுப்பினார். பிற்காலத்தில் அது 'டிலைட்' என்று பெயர் பெற்றது. பின்னர் அந்நகரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் தோன்றின. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான படமே. இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் பங்கும் சிறிதன்று. பாடலாசிரியர் உடுமலை நாராயண கவி 1899ஆம் ஆண்டில் பூளவாடியில் பிறந்தார். நகைச்சுவை நடிகர் நாகேஷ் 1933ஆம் ஆண்டில் தாராபுரத்தில் பிறந்தார். தமிழ்த் திரைப்பட வரலாற்றை ஆராய்ந்து எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் பிறந்ததும் அதே தாராபுரந்தான்.

படம் வந்த நாளிலேயே படத்தைப் பற்றிய பேச்சும் வந்துவிட்டது. அப்பேச்சை அரசாங்கமே செவிமடுத்த காலமும் உண்டு. 1927ஆம் ஆண்டில் அன்றைய இந்திய அரசு ஒரு திரைப்படக் குழுவை அமைத்தது. சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார் அதற்குத் தலைவர். அக்குழு நாடெங்கும் சென்று 353 பேரிடம் நேரில் சாட்சியம் பெற்று, 1928ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. எவ்வகைப் படங்களை மக்கள் விரும்புகின்றனர், படங்களால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்தது. படம் பார்ப்பவனின் கருத்து நாட்டின் ஆவணமாகத் தக்கது என்பதை அது காட்டுகிறது. பின்னர் 1942ஆம் ஆண்டில் 'பேசும் படம்' என்னும் இதழ் தோன்றியது. வாசகர் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் அத்தகைய இதழ்களின் உயிர்நாடியாக விளங்கின.

நான் சிறுவனாய் இருந்தபோது எங்கள் ஊர்ப்பக்கம் டூரிங் டாக்கீஸ்கள் இருந்தன. மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்ப்போம். சுருள் மாற்றும் இடைவேளைகளிலெல்லாம் கூட்டத்தில் கருத்துரைகள் பிறக்கும். படம் முடிந்து இருளில் வரப்பு வழியாக வீடு திரும்பும்போது பெரியவர்கள் வழக்காடிக்கொண்டே வருவார்கள். மூத்த மருமகள் செய்தது சரியா, அண்ணன் சொத்தை விட்டுக் கொடுத்திருக்க வேண்டுமா என்பன போன்ற வழக்குகள் அவை. படத்தைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு அவர்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்கள். திரைப்படப் பேச்சின் தலையாய பயன் அதுவே.

இனி, கருத்துரைப்பதில் நேரும் முதற்குழப்பத்தைப் பார்ப்போம். 'எனக்குப் பிடித்தது', 'நன்றாக ஓடியது', 'நல்ல படம்' ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். மூன்றும் வெவ்வேறு. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த இரு தமிழ்ப் படங்கள் இதனை நன்கு விளக்கும்.

ஒன்று 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவலைத் தழுவியது. மு. கருணாநிதி உரையாடல் எழுத, எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடிக்க, கோயம்புத்தூர்ப் பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கித் தயாரித்தார். பாட்டும் சண்டையும் மாறுவேடமும் நிறைந்த அப்படம் பெருவெற்றி பெற்றது. இந்தியிலும் வேறு மொழிகளிலும் அக்கதை மீண்டும் படமாயிற்று. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அதற்குக் கிடைத்தது. தமிழ்ப் படமொன்று அப்பதக்கத்தைப் பெற்றது அதுவே முதன்முறை.

மற்றொன்று 'அந்த நாள்'. ஏவி.எம். நிறுவனத்துக்காக எஸ். பாலச்சந்தர் இயக்கியது. அதில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. 1943ஆம் ஆண்டில் சென்னையில் சப்பானியர் குண்டு வீசிய காலத்தில் நடக்கும் கதை. இராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான். அவ்வேடத்தை ஏற்றவர் சிவாஜி கணேசன். கொன்றவர் யார் என்பதை அறியத் துப்பறிவாளர் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். நடந்தது ஒன்றே, சொல்பவர்க்குச் சொல்பவர் அது வேறாகிறது. சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) இவ்வகை அமைப்புக்கு வழிகாட்டியாயிற்று. வெளிவந்தபோது 'அந்த நாள்' வசூலில் வெற்றி பெறவில்லை. பாட்டை எதிர்பார்த்து வந்தவர்க்குப் பாட்டு இல்லை. நாயகனைக் காண வந்தவர்க்கு நாயகன் முதற்காட்சியிலேயே பிணமானான். ஆயினும் தேசிய விருதுக்குழுவின் தகுதிச் சான்றிதழ் அதற்குக் கிடைத்தது. பிற்காலத்தில் தமிழின் சிறந்த படங்களை எண்ணுவோர் அதனை விடாமல் எண்ணினர்.

ஓடிய படமும் பரிசு பெற்றது. ஓடாத படமும் பரிசு பெற்றது. ஆகவே, ஓட்டத்தைக் கொண்டு தகுதியைத் துணியவும் முடியாது. 'எல்லோரும் விரும்பும் படம் தாழ்ந்தது' என்று இகழவும் முடியாது. 'அந்த நாள்' பார்த்து ஏமாந்து வெளியே வந்த ஒருவர், "எனக்குப் பாட்டு வேண்டும், இதில் பாட்டு இல்லை, ஆகையால் எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லியிருப்பாரானால் அது நேர்மையான கருத்து. கேட்பவன் தனக்குப் பாட்டுத் தேவையா என்று எண்ணி முடிவு செய்துகொள்வான். "படம் குப்பை" என்று சொல்லியிருப்பாரானால், ஒருகால் அதனை விரும்பியிருக்கக்கூடிய பத்துப் பேரை அவர் வாயிலிலேயே திருப்பி அனுப்பியவர் ஆவார். இரண்டு விடைக்கும் உள்ள வேறுபாடு சில சொற்களே. பயனிலோ பெரிய வேறுபாடு.

கருத்துரைக்கும் முறையை எங்கே கற்பது? பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்குச் சென்று சிறிது நேரம் நின்று பாருங்கள். தைத்து முடித்த ஆடைகள் அங்கே குவிந்திருக்கும். பெரும்பாலும் பெண்களே அவ்வேலை செய்வர். ஆடையை விளக்கின்கீழ் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, கழுத்துப்பட்டி, தோள், கை, அடிமடிப்பு என ஒழுங்கு தவறாமல் கண்ணோட்டுவார்கள். குறை கண்டால் "இந்த பனியன் மோசம்" என்று வீசிவிடுவதில்லை. குறை இருக்கும் இடத்தில் அடையாளம் ஒட்டுகிறார்கள். தையல் விட்டுப்போனதா, எண்ணெய்க் கறையா, துணியிலேயே ஓட்டையா என்று பிரிக்கிறார்கள். தையல் விட்டுப்போயிருந்தால் தைத்தவரிடம் திரும்பும். கறையானால் கறை நீக்குபவரிடம் போகும். துணியே பழுதானால் தைத்தவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. பின்னல் இயந்திரத்தின் ஊசியைப் பார்க்க வேண்டும்.

திரைப்படத்துக்கும் இம்முறை அப்படியே பொருந்தும். முதலில் முழுவதும் பார்க்க வேண்டும். அடுத்து, குறையோ நிறையோ எந்த இடத்தில் என்று சுட்ட வேண்டும். பிறகு, அது யார் கைவேலை என்று பிரித்தறிய வேண்டும். கதை பழுதா, உரையாடல் பழுதா, நடிப்பு பழுதா, படத்தொகுப்பில் நீளம் மிகுந்ததா? நடிகர் நன்கு நடித்தும் கதை வலுவின்றி இருக்கலாம். ஒளிப்பதிவு கண்ணைப் பறித்தும் இசை அதனை மூழ்கடித்திருக்கலாம். துணியிலுள்ள ஓட்டைக்குத் தையற்காரரைத் திட்டுவது போலவே, கதையிலுள்ள ஓட்டைக்கு நடிகரைத் திட்டும் வழக்கம் நம்மிடம் மிகுதி. நிறைக்கும் இதுவே முறை. ஓர் உரையாடல் நம்மைக் கை தட்டச் செய்தால், அதனைப் பேசியவரை மட்டும் நினைக்கிறோம். எழுதியவர் பெயரையும் தேடி அறிய வேண்டாமா?

உணர்ச்சியைப் பகுத்துச் சொல்வதற்கும் நமக்குப் பழமையான துணை உண்டு. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பின்வழிப் புலப்படுவதே மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, அருவருப்பு, வியப்பு, அச்சம், பெருமிதம், சினம், மகிழ்ச்சி என எட்டு வகையாக ஆசிரியர் அதனைப் பகுக்கிறார். அதனோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு காரணங்களையும் கூறுகிறார். அழுகை எதனால் வரும்? பிறர் இகழ்வதனால் வரும், உரியவரையோ உரிய பொருளையோ இழப்பதனால் வரும், முன்னிருந்த நிலை கெடுவதனால் வரும், வறுமையினால் வரும். "படம் என்னை அழவைத்துவிட்டது" என்று நீங்கள் சொல்லும்போது, இந்நான்கில் எது உங்களை அழவைத்தது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்வியே உங்கள் பேச்சை ஆழப்படுத்திவிடும்.

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தேன். பார்த்த படத்தைப் பற்றி மாதம் ஒருமுறை வகுப்பில் எழுந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். "சூப்பர்", "மொக்கை" ஆகிய இரு சொற்களுக்கும் அங்கே இடமில்லை. தொடக்கத்தில் பலர் எழுந்து நின்று விழித்தனர். அவ்விரு சொற்களையும் எடுத்துவிட்டால் சொல்வதற்கு வேறொன்றும் இல்லாமற் போயிற்று.

ஒருநாள் ஒரு மாணவி பேசினாள். விடுமுறை நாட்களில் தாயோடு பனியன் கம்பெனிக்குச் சென்று கைமடித்துக் கொடுப்பவள் அவள். தையற்கடையில் வேலை செய்யும் பெண்ணைக் கதாநாயகியாகக் கொண்ட ஒரு படத்தை அவள் பார்த்திருந்தாள். "ஐயா, அவர் பாட்டு முழுவதும் தைத்துக்கொண்டே இருக்கிறார். ஆனால் இயந்திரத்தின் ஊசியில் நூலே கோக்கவில்லை" என்றாள். வகுப்பு சிரித்தது. "அப்படியானால் படம் பொய்தானே?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவள் சற்று எண்ணிப் பார்த்து, "அந்த இடம் பொய். ஆனால் சம்பளத்தை வாங்கி வந்து அந்த அம்மா இரண்டு முறை எண்ணிப் பார்ப்பது மெய். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எண்ணுவார்கள்" என்று விடை சொன்னாள். வகுப்பில் அதன்பின் சிரிப்பு எழவில்லை.

அப்பெண் சொன்னதை நீங்கள் சிந்திக்க வேண்டும். எத்தனையோ விமரிசகர் கண்ணுக்குத் தப்பக்கூடிய நூலில்லாத ஊசி அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. காரணம், அவள் அந்த வேலையை அறிந்தவள். ஒரு குறை கண்டதனால் படம் முழுவதையும் அவள் தள்ளிவிடவும் இல்லை; மெய்யான இடத்தை மெய் என்று ஒப்புக்கொண்டாள். உங்கள் ஒவ்வொருவரிடமும் இத்தகைய அறிவு ஒன்று இருக்கிறது. உழவன் மகனுக்கு ஏர் பிடிக்கும் கை மெய்யா பொய்யா என்று தெரியும். சாயப்பட்டறைக்காரர் மகளுக்குக் கைகளில் ஏறிய சாயம் எத்தனை நாள் போகாமல் இருக்கும் என்று தெரியும். 2010களில் அமுதன் ரா. பி. திருப்பூரையே பொருளாகக் கொண்டு 'டாலர் சிட்டி' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். அத்தகைய படத்தைத் தொழிலின் உள்ளிருப்பவர் பார்த்துச் சொல்லும் கருத்தில், வெளியூர்ப் பேரறிஞர் கருத்தில் இல்லாத ஒரு செய்தி இருக்கும். உங்கள் வாழ்க்கையே உங்கள் உரைகல். அதனை மறைத்துவிட்டு, கைப்பேசியில் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லாதீர்கள்.

இதற்குத் தடையாக நிற்பன சில. முதலாவது, நடிகர்மேல் கொண்ட பற்று. ஒரு கலைஞரை விரும்புவது தவறன்று. விருப்பமே கலையின் வாயில். ஆனால் படம் வருவதற்கு முன்பே அது சிறந்தது என்று முடிவு செய்துவிட்டவன் படத்தைப் பார்ப்பதில்லை. தன் முடிவையே திரையில் பார்த்துவிட்டு வருகிறான். மற்றொரு நடிகரின் படத்தை இகழ்ந்தால்தான் தன் நடிகருக்குப் பெருமை என்று கருதுபவன் இரண்டு படங்களையும் இழக்கிறான். இதனால் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த இருவர் பேச்சற்றுப் போனதை நான் கண்டிருக்கிறேன். அவ்விரு நடிகரும் நேரில் கண்டால் கைகுலுக்கிக்கொள்வார்கள். பகை நம் பிள்ளைகளுக்கு மட்டுமே எஞ்சுகிறது.

இரண்டாவது தடை, எண். இத்தனை கோடி வசூல், இத்தனை நட்சத்திரம், இத்தனை மதிப்பெண் என்பவற்றைக் கருத்தென மயங்குகிறோம். 1977ஆம் ஆண்டில் பாரதிராசாவின் '16 வயதினிலே' வெளிவந்தபோது ஆனந்த விகடன் அதற்கு 62.5 மதிப்பெண் வழங்கியது. அந்த எண்ணைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர். அதனோடு எழுதப்பட்ட காரணங்களை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? பல்லாண்டு விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மதிப்பெண் மாணவனுக்குக் கற்பிப்பது சிறிதே. ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிய குறிப்பே அவனைத் திருத்துகிறது. வசூலோ தயாரிப்பாளர் கணக்கு. அது நம் அனுபவத்தின் அளவாகாது.

மூன்றாவது தடை, விரைவு. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருளில் கைப்பேசி ஒளிர்கிறது. இடைவேளைக்கு முன்பே தீர்ப்பு உலகைச் சுற்றி வந்துவிடுகிறது. முற்பகலில் பார்த்ததை ஓரிரவு மனத்தில் கிடத்தி மறுநாள் சொல்வதில் ஒரு நன்மை உண்டு. தேவையற்றவை உதிர்ந்து, நினைவில் நிற்கத் தக்கவை மட்டும் நிற்கும். அவ்வகையில் திருப்பூர்த் தொழிலாளியின் திங்கட்கிழமைப் பேச்சு, உடனுக்குடன் எழுதும் கருத்தைவிட மேலானது. நான்காவது, முடிவைச் சொல்லிவிடும் பழக்கம். சற்று முன் 'அந்த நாள்' பற்றிக் கூறினேன். கொலையாளி யார் என்று கூறவில்லை. அது நீங்கள் கண்டறிய வேண்டிய இன்பம். அதனைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை.

இனி, நம் கருத்துக்கு மாறான கருத்தைக் கேட்கும் முறையைச் சொல்ல வேண்டும். திருப்பூரில் இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்தாரும் இருக்கின்றனர். ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம் முதலிய மாநிலத்தாரும் வந்து உழைக்கின்றனர். ஒரே படத்தைத் தேனியிலிருந்து வந்தவர் ஒருவிதமாகவும் ஒடிசாவிலிருந்து வந்தவர் வேறுவிதமாகவும் காண்பர். மொழி முழுதும் புரியாத ஒருவர், நாம் உரையாடலில் மயங்கிக் கவனியாது விட்ட முகபாவத்தைக் கவனித்திருப்பார். "நீ எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்?" என்று அவரைக் கேளுங்கள். இக்கேள்வியில் சண்டை இல்லை. அவர் கண்ணை இரவல் வாங்கும் பணிவு இருக்கிறது. இதற்கெனவே சங்கங்கள் தோன்றியுள்ளன. 1947ஆம் ஆண்டில் சத்தியஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தாத் திரைப்படக் கழகத்தைத் தொடங்கினர். படம் பார்ப்பதும் கூடிப் பேசுவதுமே அதன் பணி. அப்படிப் பேசிப் பழகிய ராய் 1955ஆம் ஆண்டில் 'பதேர் பாஞ்சாலி'யை உலகுக்கு அளித்தார். அண்டையிலுள்ள கோயம்புத்தூரிலும் 'கோணங்கள்' என்னும் திரைப்படக் கழகம் உலகப் படங்களைத் திரையிட்டு வந்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் பத்துப் பேர் கூடினால் உங்களுக்கும் ஒரு கழகம் உண்டு.

இவ்வளவும் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் திரைப்படம் பொழுதுபோக்கோடு நின்றதில்லை. 'வேலைக்காரி' (1949), 'பராசக்தி' (1952) ஆகியவற்றின் உரையாடல்கள் மக்கள் எண்ணத்தை அசைத்தன. அவற்றை எழுதிய அண்ணாவும் கருணாநிதியும், நடிகர்களான எம்.ஜி.ஆர்., வி. என். ஜானகி, ஜெயலலிதா ஆகியோரும் முதலமைச்சர் பொறுப்பை வகித்தனர். திரையில் கேட்ட குரலை மேடையிலும் கேட்கும் நாட்டில், திரையை எண்ணிப் பார்த்துப் பேசத் தெரிந்தவனுக்கே மேடையையும் எண்ணிப் பார்க்கத் தெரியும். இவர்கள் நல்லவரா அல்லவரா என்று சொல்வது என் வேலை அன்று. எதனைக் கண்டு, எக்காரணத்தால், எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு படத்தைப் பற்றிக் காரணத்தோடு பேசக் கற்றவன், வேலைக்குச் சேரும்போது நீட்டப்படும் தாளையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவான். தேர்தல் நாளில் பிறர் ஆரவாரத்தைத் தன் முடிவாகக் கொள்ளமாட்டான்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, சிறு பயிற்சி ஒன்று சொல்கிறேன். அடுத்து நீங்கள் பார்க்கும் படத்தைப் பற்றி மறுநாள் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். முதல் வாக்கியத்தில், முடிவைச் சொல்லாமல் கதையைச் சொல்லுங்கள். இரண்டாவதில், உங்கள் மனத்தில் நின்ற ஒரு காட்சியை எழுதுங்கள். மூன்றாவதில், அது ஏன் நின்றது என்று காரணம் கூறுங்கள். நான்காவதில், பழுதென்று பட்ட ஓர் இடத்தையும் அது யார் கைவேலை என்பதையும் சுட்டுங்கள். ஐந்தாவதில், இப்படம் யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று எழுதுங்கள். ஐந்தாவது வாக்கியமே அரிது. அதற்குப் பிறர் மனத்துள் புகுந்து பார்க்க வேண்டும். எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். தாயாரும் தாத்தாவும் மாறுபட்டால் மகிழுங்கள்.

வரும் திங்கட்கிழமை உங்கள் தோழர் ஒருவர் "படம் எப்படி?" என்று கேட்பார். ஆறு நாள் உழைத்த ஒருவர் அவருக்குப் பின்னால் நின்று உங்கள் விடையைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அதனை மனத்திற்கொண்டு விடை சொல்லுங்கள்.